உக்கிராண அறைச் சாவி

கல்யாண மண்டபத்தில் உக்கிராண அறை பார்த்திருப்பீர்கள். அரிசி மூட்டை, தேங்காய், எண்ணெய் டின் எல்லாம் உள்ளே அடுக்கி, சாவியை நம்பிக்கையான ஒரு சித்தப்பாவிடம் கொடுத்திருப்பார்கள். சாமான் அவருடையது இல்லை. ஆனால், சமையல்காரர் முந்திரி கேட்டால் அவர்தான் அளந்து கொடுக்கணும். கல்யாணம் முடிந்ததும் மிச்சம் எவ்வளவு என்று சொல்லணும்.

பழைய தமிழ் பைபிளில் இந்த ஆளுக்குப் பெயர் உக்கிராணக்காரன். அதிலிருந்து வந்ததுதான் சர்ச்சுகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்படும் 'உக்கிராணத்துவம்'. உன் காசு, நேரம், திறமை எல்லாம் கடவுளுடையது, நீ வெறும் பொறுப்பாளி, ஆகவே கொடு, ஊழியம் செய் என்கிறது அது. நல்ல போதனைதான். என் புகார், அது பாதியில் நின்றுவிடுகிறது என்பதுதான்.

லூக்கா சுவிசேஷத்தின் 16-ம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். உக்கிராணக்காரன் சொத்தை விரயம் செய்கிறான் என்று புகார் வருகிறது. எஜமான் அவனைக் கூப்பிட்டு முதலில் கேட்பது காணிக்கை அல்ல, கணக்கு! பவுல் இன்னும் உஷார். எருசலேம் ஏழைகளுக்காக வசூலித்த பணத்தைக் கொண்டுபோகும் வேலையில், சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறார். யாரும் நாளைக்குக் குறை சொல்லிவிடக் கூடாது பாருங்கள். அப்போஸ்தலருக்கே சாட்சி தேவைப்பட்டிருக்கிறது.

இந்தப் பாடம் நம் ஊர்ச் சுவரிலும் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919 மற்றும் 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலையில் பெயர் எழுதிப் போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்த விவரம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முக்கியமான இடம் அதற்கப்புறம் வருகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை யாரும் நிற்க முடியாது. ஒழுங்காக இருந்தவர்களும் மூன்று வருஷம் ஒதுங்கி இருக்கணும்.

ஆஹா, என்ன ஜனநாயகம் என்று உடனே விசில் அடித்துவிடாதீர்கள். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவருக்குத்தான் இடம். பெண்களுக்கு ஓலை கிடையாது. வயலில் இறங்கி வேலை செய்தவருக்கும் கிடையாது. அந்தச் சபைக்குக் கணக்கு இருந்தது, ஏழை இல்லை.

ஆயிரம் வருஷம் தள்ளி வாருங்கள். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர், இந்த ஜில்லாவின் தலித் மக்களுக்கு நிலமில்லாத கொடுமையை அரசாங்கத்துக்கு எழுதினார். பஞ்சமி நிலங்களுக்கு வித்திட்ட அறிக்கை அது. அந்த மக்களில் பலருடைய பேரன் பேத்திகள்தான் இன்று இந்த வட்டாரத்துக் கிராமத்துச் சர்ச்சுகளில் பாய் விரித்து, தரை கூட்டி, பாட்டு பாடி, அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காயும் கோழியும் கொண்டுவந்து ஏலத்துக்கு வைப்பவர்கள். இங்கே ஏழை இருக்கிறார். கணக்கு?

சிறுகக் கொடுப்பதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 வாக்கில் ஆரம்பித்தது பிடி அரிசிப் பழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள் பெண்கள். இன்று அது கோடிக்கணக்கில் நிற்கிறது. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டம் சொன்னவர்தான். கைப்பிடி அளவு அரிசிக்கு மதம் கிடையாது.

ஆனால், சேர்த்த பிறகு? தமிழ்நாட்டில் திருச்சபைத் தேர்தல் சண்டைகள் கோர்ட் ஏறி, ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகத்துக்குப் போட வேண்டி வந்ததைப் பேப்பரில் படித்தோம். பிரசங்கத்தில் உக்கிராணக்காரன் என்று சொல்லப்படுபவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூலித் தொழிலாளி. சாவியோ வேறு ஒருவரிடம்! கொடுக்கிறவருக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவர்கள், வாங்கியதற்குக் கணக்குக் கேட்டால், 'விசுவாசம் இல்லையா?' என்கிறார்கள். ஒழுங்காகக் கணக்கு வாசிக்கும் சபைகளும் உண்டு. அங்கே யாரும் விசுவாசத்தை இழந்துவிடவில்லை.

நான் கிறிஸ்தவன் இல்லையே என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி, அப்பார்ட்மென்ட் அசோசியேஷன், பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர் சங்கம் எல்லாமே உக்கிராண அறைகள்தான்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தாளில் வரவு, செலவு, கையிருப்பு எழுதி வாசலில் ஒட்டினால் போதும். அதைப் படித்துவிட்டு, "ஐயரே, ஜெனரேட்டருக்கு ஏன் இவ்வளவு ஆச்சு?" என்று அரிசி கொடுத்த பாட்டி கேட்கணும். போதகரும் கோபப்படாமல் பில்லை எடுத்துக் காட்டணும். அன்றைக்கு அந்தப் பிரசங்கம் முழுசாகும்.