ரெக்கான் கிராமத்துப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பற்றி விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். கோயிலைப் பற்றி எழுதலாம், அரண்மனையைப் பற்றி எழுதலாம். நாலு சுவரும் ஒரு கூரையுமான சமாசாரத்தைப் பற்றி எழுத வேண்டியவர் இன்ஸ்பெக்டர்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ரெக்கானைப் பற்றிப் படிக்கும் வரையில்.

ரெக்கான் என்பது ஜெர்மனியில், ஹாவெல் நதிக்கரையிலுள்ள பிராண்டன்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே பிரபுவின் மாளிகை ஒன்று இருக்கிறது. மாதாகோயில் ஒன்று இருக்கிறது. 1773-ல் இந்த இரண்டுக்கும் துணையாக மூன்றாவதாக ஒரு கட்டடம் வந்தது. வெளிச்சமான பெரிய வகுப்பறை, அதை ஒட்டி உபாத்தியாயர் குடியிருக்க வீடு, இரண்டுக்கும் ஒரே கூரை. சிற்பம் கிடையாது, கோபுரம் கிடையாது. மாளிகையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. அதைக் கட்டியவர் அந்த மாளிகையிலேயே வசித்த பிரபு, ஃபிரீட்ரிஷ் எபர்ஹார்ட் ஃபான் ரோஹோ.

இந்தச் சாதாரண வீட்டின் பெருமை தெரிய வேண்டுமானால், அந்தக் காலத்துப் பிரஷ்ய நாட்டுக் கிராமப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டத்துக்கு அங்கே குறைவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத்தான் வேண்டும் என்று 1717-லேயே ராஜா உத்தரவு போட்டாகிவிட்டது. 1763-ல் மகா ஃபிரீட்ரிஷ் கிராமப் பள்ளிகளுக்கென்று விரிவான சட்டம் ஒன்றும் கொண்டுவந்தார். ஆனால் உபாத்தியாயருக்குச் சம்பளம் தருவது யார்? பல ஊர்களில் தையற்காரர்தான் உபாத்தியாயர். அல்லது மாதாகோயில் மணியடிப்பவர். அவர் குடியிருக்கும் அறையே பள்ளிக்கூடம். ஒரு பக்கம் அவர் துணி வெட்டுவார், மறு பக்கம் அவர் மனைவி அடுப்பைக் கவனிப்பாள், நடுவில் பெரியதும் சின்னதுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்து வேதபாடத்தை உரக்க ஒப்பிக்கும். ஒப்பித்ததற்கு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் உபாத்தியாயருக்கும் கஷ்டம்.

பிள்ளைகளுக்கு என்றே ஒரு அறை, வேறு பிழைப்புத் தேடாமல் வாழ ஒரு உபாத்தியாயருக்குப் போதுமான சம்பளம், பெற்றோர் பணம் கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடு, சின்னவர்களையும் பெரியவர்களையும் இரண்டு வகுப்பாகப் பிரித்து வெவ்வேறாகச் சொல்லிக்கொடுப்பது - ரெக்கானில் நடந்த புதுமை இவ்வளவுதான். இன்றைக்குக் கேட்டால் இதிலே புதுமை எங்கே என்றிருக்கும். ஆனால் இதைப் பார்ப்பதற்காக ஜெர்மனியின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ரோஹோ பட்டாளத்துக்காரர். லோபோஸிட்ஸ் சண்டையில் காயம்பட்டு, பின்பு ஒரு துவந்த யுத்தத்தில் கையும் ஊனப்பட்டு ராணுவத்தை விட்டவர். ஊரோடு வந்து நிலத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்குப் பள்ளிக்கூடப் பைத்தியம் பிடித்தது 1771, 72-ம் வருஷங்களில். மழை கெடுத்தது, விளைச்சல் போயிற்று, பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. ரோஹோ தம் செலவில் வைத்தியர் ஒருவரை அமர்த்தினார். ஜனங்கள் அந்த மருந்தை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் வைத்துவிட்டு, மந்திரவாதிகளையும் போலி வைத்தியர்களையும் தேடிப் போய்ச் செத்தார்கள். மனமுடைந்து மேஜை முன் உட்கார்ந்தவர், நினைவில்லாமல் காகிதத்தில் ஒரு படம் போட்டாராம்: வலையில் அகப்பட்ட சிங்கம். இந்த ஜனங்களின் அறிவும் பலமும் இப்படித்தானே கட்டுண்டு கிடக்கின்றன என்று நினைத்தார். பிறகு வலையைக் கடிக்கும் ஒரு எலியையும் வரைந்தார். அந்த எலி நானாக இருக்கக்கூடாதா என்று தோன்றியதாக அவரே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்.

அழகான கதைதான். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த இடத்தில்தான் ஒரு சந்தேகம் வந்தது. அந்த வலையைப் பின்னியது யார்? ரோஹோவின் ஜாதிக்காரர்கள்தாம். பிரஷ்யக் குடியானவன் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கக் கடமைப்பட்டவன். நினைத்தபோது ஊரைவிட்டுப் போக முடியாதவன். அந்த அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1807-ல்தான் வந்தது. அப்போது ரோஹோ இறந்து இரண்டு வருஷம். எலி கடித்தது அறியாமை என்ற ஒரு கயிற்றை. மற்றக் கயிறுகளின் நுனி அதன் கையிலேயே இருந்தது. இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அவர் பிள்ளைகளுக்காக எழுதி 1776-ல் வெளியிட்ட ‘குழந்தைகளின் நண்பன்’ என்ற பாடப் புத்தகத்திலும் இந்தச் சங்கடம் தெரிகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த வாசக புஸ்தகம் அதற்கு முன் ஜெர்மனியில் இல்லை என்கிறார்கள். பதிப்புக்குமேல் பதிப்பாக அடுத்த நூற்றாண்டிலும் அது ஓடிற்று. வேதபாடத்துக்கும் நெடுங்கணக்குக்கும் நடுவில், குடியானவன் வீட்டுப் பிள்ளை தன்னைப் போன்ற ஒரு பிள்ளையை அச்சில் பார்த்தது அதில்தான். அது பெரிய காரியம். ஆனால் கதைகளாகப் பார்த்தால் எனக்கு அவை ருசிக்கவில்லை. நல்ல பிள்ளைக்கு நன்மை வருகிறது, சோம்பேறிக்குத் தீமை வருகிறது. முதல் வரியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. பொய் சொல்லித் தப்பித்துக்கொண்ட பிள்ளைக்கு அங்கே இடமில்லை. கதாசிரியனை நிலச்சுவான்தார் தோளில் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஆனால் இதோடு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போவது சரியாக இராது. 1779-ல் மகா ஃபிரீட்ரிஷ் தம் மந்திரி ஸெட்லிட்ஸுக்கு ஒரு விஷயம் எழுதினார்: கிராமத்தானுக்குக் கொஞ்சம் எழுத்தும் வாசிப்பும் போதும், அதிகம் படித்துவிட்டால் பட்டணத்துக்கு ஓடிக் குமாஸ்தாவாகப் பார்ப்பான் என்று. எழுத்தறிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பது ராஜாவுக்குப் பிரபுவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது! திருப்தியாயிரு என்று சொல்லும் புஸ்தகத்தைப் படிக்கக் கற்றவன், வேறு புஸ்தகத்தையும் படிப்பான். பக்கத்துக் கிராமங்களான கோட்டினிலும் கிரானேயிலும்கூட ரோஹோ பள்ளி நடத்தினார். விளைவைப் பற்றி அவர் பயந்ததாகத் தெரியவில்லை.

இதுவரை நான் உபாத்தியாயரைப் பற்றிச் சொல்லவில்லை. ஹைன்ரிஷ் யூலியஸ் புரூன்ஸ் என்பது அவர் பெயர். சங்கீதம் தெரிந்தவர், முன்பு ரோஹோவிடம் எழுத்து வேலை பார்த்தவர். இருபத்தேழாவது வயதில் அந்த வகுப்பறைக்குள் நுழைந்து, 1794-ல் சாகும்வரை சொல்லிக்கொடுத்தார். அவர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பதை ரீமான் என்பவர் பார்த்து எழுதி 1781-ல் வெளியிட்டார். மனப்பாடம் இல்லை, பிரம்புக்கு வேலை இல்லை. கையில் கிடைத்த பொருளைக் காட்டிப் பிள்ளைகளைக் கேட்பார். அவர்கள் சொன்னதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். ‘குழந்தைகளின் நண்பன்’ கதைகளில் காணாத உயிர் இந்தக் கேள்வி பதிலில் இருக்கிறது. பதில் என்ன வரும் என்பது கேட்பவருக்கே முன்கூட்டித் தெரியாது. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனது கட்டடத்தை அல்ல, இந்த மனிதரை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கட்டடம் அவருக்கு இடம் விட்டது. தையற்காரர் வீட்டுக் கூடத்தில் புரூன்ஸ் இருந்திருந்தால் அவரும் உரக்க ஒப்பிக்கத்தான் வைத்திருப்பார்.

பள்ளிக்கூடம் இன்றும் நிற்கிறது, பழைய பள்ளி வாழ்க்கையைக் காட்டும் பொருட்காட்சிசாலையாக. மாளிகையில் ரோஹோவுக்கே ஒரு பொருட்காட்சிசாலை. மாளிகைப் பூங்காவில், புரூன்ஸ் இறந்த பிறகு ரோஹோ அவருக்கு ஒரு ஞாபகச் சின்னம் வைத்தார். பிரபு ஒருவர் கிராமத்து உபாத்தியாயருக்குத் தம் சொந்தத் தோட்டத்தில் கல் நாட்டுவது அந்தக் காலத்தில் கேள்விப்படாத காரியம். தம் புஸ்தகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நல்ல, கெட்ட என்று தவறாமல் அடைமொழி ஒட்டியவர், அந்தக் கல்லில் ஒரு அடைமொழிகூடப் போடவில்லை. ‘அவர் ஓர் ஆசிரியராக இருந்தார்’ என்று மட்டும் பொறித்தார். அதன்பின் பதினொரு வருஷம் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு அதே மாளிகையில் வாழ்ந்தார்.