தள்ளி நிற்கும் கேமரா

உளவியல் திகில் படத்தில் கேமராவுக்குப் பழகிய வழிகள் இரண்டு. ஒன்று, பாத்திரத்தின் மண்டைக்குள் புகுந்துகொள்வது: போலன்ஸ்கியின் ‘ரிபல்ஷன்’ (1965) சுவரைப் பிளந்து கைகளை நீட்டியது அப்படித்தான். மற்றது, பாத்திரத்தின் முதுகைத் தொடர்வது: குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் சிறுவனின் மூன்று சக்கர வண்டிக்குப் பின்னால் ஸ்டெடிகேம் தாழ ஓடும். கியோஷி குரோசாவாவின் ‘க்யூர்’ (1997) இரண்டையும் பெருமளவு தவிர்த்துவிட்டுத் தள்ளி நிற்கிறது. அந்தத் தூரம் படத்துக்கு என்ன ஈட்டித் தந்தது, எங்கே இயக்குநரே அதன்மேல் நம்பிக்கை இழந்தார் என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

டோக்கியோவில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத சாதாரண மனிதர்கள் கொலை செய்கிறார்கள். உடல்களில் கழுத்தருகே எக்ஸ் வடிவ வெட்டு. ஏன் செய்தோம் என்று கொன்றவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் அதற்குமுன் மாமியா என்ற மறதிக்கார இளைஞனைச் சந்தித்திருக்கிறார்கள்.

காவல் சாவடிக் கொலையைப் பாருங்கள். பட்டப்பகல். கட்டடம் முழுவதும் அடங்கும் அசையாத தூரச் சட்டகம். ஒரு காவலர், அன்றாட வேலைகளில் இன்னொன்று என்பதுபோலத் துப்பாக்கியை எடுத்துச் சக காவலரைப் பின்னாலிருந்து சுடுகிறார். இசை எச்சரிக்கவில்லை, முகத்தைக் காட்டக் கேமரா நெருங்கவும் இல்லை. க்ளோசப் வைத்திருந்தால் அவர் கண்ணில் ஒரு காரணத்தைத் தேடியிருப்போம். தூரம் அந்த ஆறுதலைப் பறித்துவிடுகிறது.

மாமியாவின் உரையாடல்களில் இதே முறை வேறு விதமாக வேலை செய்கிறது. நீண்ட ஷாட், அரையிருட்டு, ஒரு லைட்டர் சுடர், தரையில் பரவும் தண்ணீர். “நீ யார்?” என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, வெட்டாத அந்தக் காட்சிக்குள் நம் பார்வையும் கட்டுண்டுவிடுகிறது. வசியத்தைப் பற்றிய படம், வசியத்தின் உத்தியையே தன் நடையாக்கிக்கொண்டது பெரிய சாதனை.

குறை, படம் விளக்கத் தொடங்கும்போது வருகிறது. மனநல மருத்துவர் சகுமா, வசியமுறையின் முன்னோடி மெஸ்மரின் வரலாற்றை எடுத்துவைக்கும் பகுதி பாடப்புத்தக வாடை அடிக்கிறது. அங்கே ஓடும் பழைய படச்சுருளின் மங்கல் உருவங்கள் மட்டும் போதுமானவை. துப்பறிவாளர் தகாபே, மனைவி தூக்கில் தொங்குவதாகக் காணும் கணநேரப் பிரமை, இந்தப் படம் தேவையில்லை என்று காட்டிய மலிவான அதிர்ச்சியையே கடன் வாங்குகிறது. அந்த மனைவியும் கணவனின் சுமையாக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறாள். துணியே இல்லாமல் அவள் ஓடவிடும் வாஷிங் மெஷினின் இரைச்சல், அவளுக்கு எழுதப்பட்ட வசனங்களைவிட அதிகம் பேசுகிறது.

ஆனாலும் இவை ஓரத்துச் சிதைவுகள், கட்டுமானம் அசையவில்லை. ஜப்பானியத் திகில் அலையில் இதைவிடப் பயமுறுத்தும் படங்கள் உண்டு. முறையில் இவ்வளவு கறாரான இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

கடைசிக் காட்சியே சான்று. முன்பு உணவைத் தொடாமல் எழுந்துபோன தகாபே, அதே உணவகத்தில் தட்டைக் காலி செய்துவிட்டுப் புகைக்கிறார். பின்னணியில் பரிமாறும் பெண் நடந்துபோகிறாள், கையில் கத்தியோடு. கேமரா அதைச் சுட்டிக்காட்டவில்லை. முதல்முறை நான் அந்தக் கத்தியைக் கவனிக்கவே இல்லை.