துன் சம்பந்தன்: பட்டப்பெயருக்குப் பின்னால்

தலைவர்களைப் பற்றிய கட்டுரை என்றாலே நம் மாணவர்கள் எழுதும் வரிசை நமக்குத் தெரியும். துன் வீ.தி.சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவராக இருந்தார், அமைச்சரானார், 1979இல் மறைந்தார். தகவல் எல்லாம் சரிதான். ஆனா, இவரை எதுக்காக நினைக்கணும்? பயிற்சி நூல்களின் மாதிரிக் கட்டுரைகள் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. கடைசியில் ஒரு பட்டப்பெயர், ஒரு வாழ்த்து, முடிந்தது.

கதையின் கனமான பகுதி துண்டாடலில் தொடங்குகிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி விற்றார்கள். பால்மரம் வெட்டியவருக்கு வேலை போச்சு. லயத்து வீடு முதலாளியுடையது என்பதால் வீடும் போச்சு. தோட்டத்துப் பள்ளிக்கும் ஆபத்து வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு எல்லாமே ஒரே கயிற்றில் கட்டியிருந்தது என்பதை மாணவர்கள் புரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்ததன் அருமை தெரியும்.

1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளர்கள் பங்கு சேர்த்தார்கள். நாள் கூலி மூன்று வெள்ளி அளவில் இருந்த காலம் அது. அப்படியானால் பத்து வெள்ளி எத்தனை நாள் உழைப்பு? இதைக் கணக்காகவே மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். பட்டப்பெயரைவிட அந்த விடை அதிகம் பேசும். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலி வாங்கியவர்களே பங்குதாரர் ஆனார்கள். இத்தனைக்கும் சம்பந்தன் லயத்தில் பிறந்தவர் அல்லர். ரப்பர்த் தோட்ட உரிமையாளரின் மகன்.

புகழோடு நிறுத்திவிட்டால் அது பாதி வரலாறுதான். தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றும் வழியில் ஓர் எல்லை இருந்தது: சங்கம் வாங்கிய தோட்டங்களைவிட வாங்க முடியாதவை மிகப் பல. நிலம் சங்கத்தின் பெயரில்தான் இருந்தது. தொழிலாளிக்குத் தன் பெயரில் வீட்டு மனை கிடைப்பது வேறு போராட்டம். குடியுரிமைக் கதையும் கசப்பானது. 1957 ஆகஸ்டு 31 முதல் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்புரிமை கிடைத்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் விண்ணப்பம் போடாமலே இருந்துவிட்டவர்கள் நிறைய. 1968இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பின. அந்த அமைச்சரவையில் சம்பந்தனும் இருந்தார். கூட்டணி அரசுக்குள் அவரால் எவ்வளவு சாதிக்க முடிந்தது, எங்கே விட்டுக்கொடுத்தார் என்று கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. கேள்வி கேட்கக்கூடாத தலைவர் சுவரில் தொங்கும் படம் மட்டுமே.

நீலாய் வட்டாரத்து ஆசிரியர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. பாத்தாங் பெனார், லாபு, மந்தின் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக இருந்த இடங்களில் இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் நிற்கின்றன. 1998இல் சிப்பாங் விமான நிலையம் திறந்த பிறகு மாற்றம் இன்னும் வேகமானது. நம்ம பிள்ளைகளுக்கு லயம், பெரட்டு, மங்கு எல்லாம் அகராதிச் சொற்கள். ஆனா பாட்டிமார் இன்னும் இருக்காங்க.

அடுத்த முறை இந்தத் தலைப்பைக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துப் பாருங்கள். உங்க குடும்பம் எந்தத் தோட்டத்துல இருந்தது? அந்தத் தோட்டம் யார் கைக்குப் போச்சு? தொழிலாளர்களே சேர்ந்து அதை வாங்கியிருந்தா, இன்னைக்கு நீங்க எங்க இருந்திருப்பீங்க? விடைகளில் எழுத்துப்பிழை இருக்கலாம். ஆனால் மனப்பாடக் கட்டுரை வராது. சம்பந்தன் எதற்காகப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார் என்பதும் தானாகவே விளங்கும்.