உடலுக்கு ஒரு சட்டம், உடைமைக்கு ஒரு சட்டம்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் கணிசமானோர் நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்கென 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் டேன்டீ நிறுவனமாயிற்று. ஆகவே ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு நாட்டுச் சட்டங்களின்கீழ் வாழ்வது நீலகிரியில் அரிதன்று. இலங்கையின் அட்டனில் தங்கிவிட்ட அண்ணனுக்குக் கடுமையான மனநோய் கண்டால் அவரை மருத்துவமனையில் சேர்க்கும் முறை ஒன்று. கூடலூரிலுள்ள தம்பிக்கு அதே நோய் வந்தால் முறை வேறு. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்டங்களில் வேர்விட்டவையே எனினும், இன்று அவை வெகுதூரம் விலகி நிற்கின்றன.

இலங்கையின் உளநோய்க் கட்டளைச் சட்டம் 1873இல் இயற்றப்பட்டது. ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என்பதை மருத்துவச் சான்றின் துணையுடன் மாவட்ட நீதிமன்றம் விசாரித்து முடிவுசெய்து, அம்முடிவின்மேல் அவரை மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் அடிப்படை. 1956 வரை வந்த திருத்தங்கள் தம் விருப்பத்தால் சேர்பவருக்கும், விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் உறவினர் விண்ணப்பத்தால் தற்காலிகமாகச் சேர்க்கப்படுபவருக்கும் வழி திறந்தனவாயினும், சட்டத்தின் முதுகெலும்பு மாறவில்லை. மனநல மருத்துவமனை இருப்பதால் அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் அங்கே வசைச்சொல்லானதும், சென்னையின் கீழ்ப்பாக்கம் இங்கே அவ்வாறே ஆனதும், இவ்வகைச் சட்டங்கள் மனநோயை நோயாகக் காணாமல் நிலையான தகுதியிழப்பாகவே கண்டதன் விளைவு எனலாம்.

இந்தியாவும் நெடுங்காலம் அதே தடத்தில்தான் நடந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்து 1993இல் நடைமுறைக்கு வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் நோயாளியை நிறுவனத்தில் வைத்திருக்க நீதித்துறை நடுவரின் ஆணையைப் பெரிதும் நம்பியிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தீயில் சிக்கி, 28 பேர் உயிரிழந்தபோது, தடுத்துவைத்தல் என்பது நீதிமன்ற ஆணையால் மட்டுமன்றி எந்த ஆணையுமின்றியும் நடக்கிறது என்பது நாடறிந்த உண்மையாயிற்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதன் தொடர்ச்சியாக வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அவ்வுடன்படிக்கையை ஏற்றது 2016இல்.

புதிய இந்தியச் சட்டத்தின் மையச்சொல் முடிவெடுக்கும் திறன் என்பதாகும். தேவையான தகவலைப் புரிந்துகொள்ளுதல், தன் முடிவின் விளைவை உணர்தல், முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவித்தல் ஆகியவற்றைக் கொண்டு அது அளக்கப்படுகிறது. நோய் இருப்பதாலேயே திறன் இல்லையென்று கொள்ளலாகாது. உயர் ஆதரவு தேவைப்படும் ஒருவரை அவரது நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் சேர்த்துக்கொள்வது ஆதரவுடன் கூடிய சேர்க்கை எனப்படும். அதற்கு ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே ஆய்வுசெய்து, அவர் அண்மையில் தமக்குத் தீங்கு விளைவிப்பதாக அச்சுறுத்தியுள்ளார் அல்லது விளைவிக்க முயன்றுள்ளார் என்றோ, பிறரிடம் வன்முறையாக நடந்துள்ளார் அல்லது அவர்களைத் தீங்குக்கு அஞ்சச் செய்துள்ளார் என்றோ, தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் ஆபத்தில் இருக்கிறார் என்றோ உறுதிசெய்ய வேண்டும். முதற்சேர்க்கை 30 நாள்களைத் தாண்டாது. பெண்களும் சிறாரும் சேர்க்கப்பட்டால் மூன்று நாள்களுக்குள்ளும் மற்றவராயின் ஏழு நாள்களுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாள்களுக்கு மேல் தொடர வாரியத்தின் இசைவு வேண்டும். நீதிமன்றம் இருந்த இடத்தில் வாரியம் வந்தமர்ந்தது என்று மட்டும் இதைக் கொள்வது போதாது. ஒருவர் யார் என்னும் கேள்வியை விட்டு, இன்றைக்கு அவருக்கு என்ன தேவை என்னும் கேள்விக்குச் சட்டம் நகர்ந்தது என்பதே பெரிய மாற்றம்.

ஆனால் உடைமையைப் பொறுத்தவரை இந்தியாவின் முன்னேற்றம் ஒரு பள்ளத்தை விட்டுச் சென்றிருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில், சொத்துள்ள மனநோயாளி ஒருவரின் நிலையை மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, அவர் உடலுக்குப் பாதுகாவலரையும் சொத்துக்கு நிர்வாகியையும் நியமிக்க ஓர் அத்தியாயமே இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. மருத்துவமனையில் கையெழுத்திடும் பிரதிநிதிக்கு வங்கிக் கணக்கின்மேல் அதிகாரம் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் என்பவரை, குறிப்பிட்ட முடிவுக்காகவும் குறிப்பிட்ட காலத்துக்காகவும், மாற்றுத்திறனாளியோடு கலந்தே முடிவெடுக்கும் துணையாக அனுமதிக்கிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவின் மூலம் பாதுகாவலரை நியமிக்கிறது எனினும், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றோடு அதன் எல்லை முடிகிறது. மனச்சிதைவு நோயாளிக்கு அக்கதவு திறவாது. எனவே தெளிவான வழி கிடைக்காத குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை நாடுகின்றன. உதகையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். தோட்டத் தொழிலாளி ஒருவரின் வருங்கால வைப்பு நிதிக்காகவும் பணிக்கொடைக்காகவும் அத்தொலைவு செல்வதற்கு ஆகும் செலவும் கூலி இழப்பும் சிறியவை அல்ல.

இலங்கையிலோ, 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, சொத்துள்ளவரும் சித்தசுவாதீனமற்றவர் எனக் கூறப்படுபவருமான ஒருவர் வாழும் எல்லையின் மாவட்ட நீதிமன்றமே விசாரித்து நிர்வாகியையும் பாதுகாவலரையும் நியமிக்கலாம். நீதிமன்றம் அருகில் இருக்கிறது, வழியும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அவ்வழியில் நுழைபவர் தம் சட்டத் தகுதியை ஏறக்குறைய முழுவதும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. இலங்கைச் சட்டம் எல்லாவற்றிலும் பின்தங்கியது என்றும் முடிவுகட்டலாகாது: தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது, இந்தியா அதைத் தண்டனைச் சட்டத்திலிருந்து விலக்க 2024 ஜூலை வரை காத்திருந்தது. மறுபுறம், புதிய மனநலச் சட்டம் வேண்டுமென்று இலங்கையின் 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கை கூறியும், அக்கொள்கையின் பத்தாண்டுக் காலத்துக்குள் அது நிறைவேறவில்லை.

இலங்கை உடலையும் உடைமையையும் ஒரே முடிச்சில் கட்டியது. இந்தியா முடிச்சை அவிழ்த்தது, ஆனால் உடைமையை யார் கையில் தருவது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அது தெளிவாகும்வரை, சிகிச்சையைப் பொறுத்தேனும் நீலகிரித் தோட்டங்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோய் தணிந்து தெளிவோடிருக்கும் காலத்திலேயே, வயதுவந்த எவரும் தம் நம்பிக்கைக்குரிய ஒருவரை நியமனப் பிரதிநிதியாகப் பெயர் குறித்து வைக்கலாம் என்பதைத் தோட்ட மருத்துவமனைகளும் தொழிற்சங்கங்களும் லைன் வீடுகளில் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குச் சட்டம் கேட்பது ஒரு வெள்ளைத்தாளும், கையெழுத்தோ கைநாட்டோ மட்டுமே.