அறுத்துக் கட்டுகிறவர்கள்

விவாகரத்து பெருகிவிட்டது என்ற கூக்குரலைப் பத்திரிகைகளில் படிக்கிறேன், மேடைகளில் கேட்கிறேன். பெண்கள் படித்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள், குடும்பம் குலைந்தது என்று மூன்றே வாக்கியங்களில் ஒரு நாகரிகத்துக்கே கருமாதி செய்து முடித்துவிடுகிறார்கள். இந்தப் புலம்பலைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் மணவாழ்வில் இருப்பவர்கள் ஆயிரம் பேர் என்றால் விவாகரத்தானவர்கள் இரண்டு மூன்று பேர். பிரிந்து வாழ்பவர்கள் ஆறு பேர். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வோ, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் கொடுமைக்கு ஆளானவர்கள் என்கிறது. ஆயிரத்தில் மூன்றுக்கு அலறுகிறவர்கள், நூற்றில் முப்பத்தெட்டுக்கு வாய் திறப்பதில்லை. நமக்கு மானம்தான் பெரிது, முதுகு பெரிதல்ல. அதுவும் அது இன்னொருத்தியின் முதுகானால்!

சட்டமும் வெகுகாலம் இந்தப் புத்தியோடுதான் இருந்தது. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்றது, கொடுமையை ஏற்கவில்லை. கொடுமைக்காக, தனியே வாழக் கோர்ட்டின் அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். 1976-இல் செய்த திருத்தத்தில்தான் அடியும் உதையும் தாலியை விடப் பெரிய விஷயமாயின.

கதாசிரியர்களாகிய நாம் மட்டும் என்ன செய்தோம்? அடி வாங்கினவள் கடைசிப் பக்கத்தில் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் ‘முற்றும்’ போட்டுவிடுவோம். 1977-இல் வந்த பாலசந்தரின் ‘அவர்கள்’ படம் வேறு மாதிரி முடிந்தது. கொடியவனை விவாகரத்துச் செய்தவள் எந்த ஆணையும் நம்பாமல் ரயிலேறுகிறாள். துணைக்கு வருகிறவள் அந்தக் கொடியவனைப் பெற்றவள். மாமியாரைப் பேயாகவே பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய மருந்து.

பாச்சலூர்ப் பக்கம் மலையில் தங்கியிருந்தபோது, கீழ்நாட்டிலிருந்து வந்த கங்காணி ஒருவர் பளியர்களைப் பற்றி இளக்காரமாகச் சொன்னார்: “இந்த ஜனங்களுக்குக் கல்யாணம்கிறது விளையாட்டுங்க. ஒத்து வரலேன்னா அவ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவா.”

அவர் குற்றமாகச் சொன்னதைத்தான் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலார் ஒரு பண்பாட்டின் அஸ்திவாரமாகக் கண்டார். 1962 முதல் பளியர்களிடையே வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதியவர் அவர். ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்வது அவர்களிடையே மரியாதைக் குறைவு. கணவனும் மனைவியை ஏவ முடியாது. சண்டை மூண்டால் கை ஓங்குவதற்கு முன் ஒருவர் விலகிப் போய்விடுவது வழக்கம். பிரிவு அதிகம், அடிதடி குறைவு. சண்டையே இல்லை என்று அவர் கதை கட்டவில்லை; பொறாமையால் எழுந்த பூசல்களையும் எழுதியிருக்கிறார். அதனாலேயே நான் அவரை நம்புகிறேன்.

மரியாதை என்ற ஒன்றே இதற்குப் போதுமா என்பது என் கேள்வி. காட்டில் கிழங்கு தோண்டும் கோல் அவள் கையிலும் இருந்தது. எழுந்து போனால் பட்டினி இல்லை. அதனால்தான் போக முடிந்தது. காட்டை விட்டுத் தோட்டக் கூலிக்கு வந்துவிட்ட குடும்பங்களில் அந்த மரியாதை அப்படியே நீடிக்கும் என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

மலையில் மட்டுமா? கீழே சமவெளியிலும் பல ஜாதிகளில் பஞ்சாயத்து கூட்டி, தீர்த்துவிட்டு, மறுமணம் செய்துகொள்வது நெடுநாளைய வழக்கம். ‘அறுத்துக் கட்டுகிற ஜாதி’ என்று அவர்களை ஏளனம் செய்தவர்கள்தான் இன்று விவாகரத்தை மேல்நாட்டுச் சரக்கு என்கிறார்கள். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு விவாகரத்து உரிமையோடு சொத்துரிமையும் கேட்டது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதில்தான் விவேகம் இருக்கிறது. போக உரிமை தந்துவிட்டுப் போகும் இடத்தைத் தராவிட்டால் அவள் எங்கே போவாள்? பிறந்த வீடும் “அனுசரித்துப் போ” என்றுதானே திருப்பி அனுப்புகிறது?

ஆகவே விவாகரத்துக்கு அழுகிறவர்களை நான் கேட்பது இதுதான்: எத்தனை பேர் பிரிந்தார்கள் என்று எண்ணியது போதும், பிரியாதவர்களில் எத்தனை பேர் போக இடமில்லாததால் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கு வந்த பிறகு குடும்பத்தின் பெருமையைப் பற்றிப் பேசலாம்.