ஷயருக்குத் திரும்புதல்: அதீத கற்பனை நாவலொன்றின் அத்தியாயம் பற்றிய மறுவாசிப்பு

அதீத கற்பனை இலக்கியத்தை யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் எழுத்தென ஒதுக்கிவிடுவது முற்போக்கு விமர்சனத்தில் நீண்டகாலமாக நிலவும் வழக்காகும். ஜே. ஆர். ஆர். ரோல்கினின் ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ (1954–55) நாவலை மாணவப் பருவத்தில் வாசித்தபோது யானும் அம்முடிவுக்கே வந்தேன். மன்னன் அரியணைக்கு மீள்வதையே உலகின் மீட்சியாகக் காட்டும் நூலொன்றில் நமக்கு என்ன உண்டு என்பதே அன்றைய எண்ணம். அண்மையில் மீண்டும் வாசித்தபோது, ஆறாம் பாகத்தின் எட்டாம் அத்தியாயம் அம்முடிவை அவ்வளவு எளிதில் ஏற்கவிடவில்லை.

ஷயரைத் தூய்மையாக்குதல் பற்றிய அவ்வத்தியாயம் பெரும்போர் முடிந்த பின்னர் நிகழ்வது. புறோடோ, சாம், மெரி, பிப்பின் ஆகிய நால்வரும் தம் ஊர் திரும்புகின்றனர். பாலத்தின் படலை பூட்டப்பட்டிருக்கிறது, காவல்மனைச் சுவரில் விதிகள் தொங்குகின்றன, மரங்கள் தறிக்கப்பட்டுள்ளன, பழைய ஆலையிருந்த இடத்தில் புகைகக்கும் புதிய ஆலை நிற்கிறது. இவ்வழிவு எங்கிருந்து வந்தது?

விடை கமக்காரன் கொற்றனின் வாயிலாக வருகிறது. லோதோ என்னும் உள்ளூர்ச் செல்வன் ஆலைகள், விடுதிகள், பண்ணைகள், புகையிலைத் தோட்டங்கள் என்பவற்றை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறான். புகையிலையை இரகசியமாகத் தெற்கே விற்கிறான். பின்னர் ஏனைய பொருள்களும் வண்டி வண்டியாக வெளியேறுகின்றன. ஊரிலே பஞ்சம் தலைகாட்ட, மக்கள் சினங்கொள்ள, அவர்களை அடக்குவதற்கு அடியாட்கள் வருகின்றனர். சொத்துக் குவிப்பு, ஏற்றுமதி, தட்டுப்பாடு, அடக்குமுறை என்ற இவ்வரிசை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தந்தை தன் ஆலைக்குத் தானே அதிபதியாக இருந்தான். மகன் ரெட் சான்டிமனோ அதே இடத்தில் பிறருக்காகச் சக்கரங்களைத் துடைக்கிறான். சிறு உடைமையாளன் கூலியாளாகும் வரலாறு இவ்வொரு பாத்திரத்தில் அடங்கிவிடுகிறது.

பால்சாக் தமது அரசியற் சார்புகளுக்கு மாறாகவே தம் காலச் சமூகத்தின் உண்மையைக் கண்டார் என ஏங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டார். அதற்கொத்த வெற்றி இவ்வத்தியாயத்திலும் ஓரளவு நிகழ்கிறது. ஆயினும் ஆசிரியர் தாம் கண்டதிலிருந்து விரைவிலேயே பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். அழிவின் மூலகர்த்தாவாக வெளியிலிருந்து வந்த மந்திரவாதி சருமான் வெளிப்படுகிறான். லோதோ இரக்கத்துக்குரிய பேதையாகி, பலியுமாகிவிடுகிறான். அகமுரண்பாடு புறத்தீமையாக உருமாறுகிறது. பொருள்களைச் சமமாகப் பகிர்வதாகக் கூறிக் கொள்ளையிடும் ‘சேகரிப்போரும் பகிர்வோரும்’ சித்திரிக்கப்படும் முறையை, போருக்குப் பிந்திய தொழிற்கட்சி ஆட்சியின் பங்கீட்டு முறை மீதான கண்டனமாகப் பலர் கொண்டனர். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ரோல்கின் அதனை மறுத்து, தமது பிள்ளைப்பருவ நாட்டுப்புறம் சிதைக்கப்பட்ட அனுபவத்தையே சுட்டினார். அவர் 1896 முதல் 1900 வரை வாழ்ந்த சேர்ஹோல் என்ற ஆலைக் கிராமம் பின்னர் பேர்மிங்ஹாம் நகருள் அடங்கிப்போனது. அத்துயரம் உண்மையானது. அதனை வெறும் பழமைமோகமெனத் தள்ளிவிடும் விமர்சனம், நிலத்தையும் நீரையும் மரத்தையும் இழந்த சாதாரண மக்களின் துயரத்தையும் உடன் தள்ளிவிடும் ஆபத்து உண்டு.

அத்தியாயத்தின் சிறப்பு அதன் எழுச்சியிலே தங்கியுள்ளது. இங்கு மந்திரமோ மன்னனோ உதவிக்கு வருவதில்லை. மெரி கொம்பூத, கமக்காரர் கையிற் கிடைத்ததைக் கொண்டு திரளுகின்றனர். பைவாற்றர்ச் சண்டையில் ஹொபிற்றுகள் 19 பேர் மடிகின்றனர். அவர்களது பெயர்கள் பட்டியலாக எழுதிப் பேணப்படுகின்றன. போரின் கொடுமையை அறிந்த புறோடோ வாளை உருவாமல், சரணடைந்தோரைக் காப்பதிலேயே முனைகிறான். எனினும் தலைமை யாரிடமுள்ளது? மெரியும் பிப்பினும் நிலமுள்ள பெருங்குடிகளின் வாரிசுகள். மக்கள் போராடுகின்றனர், வழிநடத்துவோர் முன்னரே குறிக்கப்பட்டுள்ளனர்.

வெற்றியின் பின்னர் நிகழ்வனவும் இதனையே உறுதிசெய்கின்றன. லோதோ குவித்த பண்ணைகளும் தோட்டங்களும் இனி யாருக்குரியவை என்ற வினாவை அத்தியாயம் எழுப்புவதில்லை. அடுத்த அத்தியாயத்தில் அவனது எஞ்சிய பணம் வீடிழந்தோருக்குத் தாயின் கொடையாக வருகிறது. தோட்டக்காரன் சாம் எசமானின் வீட்டைப் பெறுகிறான். ஆயின் உழைப்பின் உரிமையாலன்று, எசமானின் அன்பளிப்பாலேயே பெறுகிறான். பறிக்கப்பட்டது உரிமையாக மீளாது தருமமாக மீள்கிறது. இதுவே ரோல்கினின் கருத்துநிலை எட்டிய எல்லை எனலாம்.

2003இல் வெளிவந்த திரைப்படம் இவ்வத்தியாயத்தை முற்றாக விலக்கி, நால்வரையும் மாற்றமேதுமில்லாத பசிய ஊருக்கு அனுப்பிவைத்தது. அவ்வினிய பொய்யைவிட, ஆசிரியரின் பழமைவாத உண்மை மேலானது. தூரத்துப் போரில் வென்றவன் தன் ஊர்ப்படலையிலும் போராட நேரிடும் என்பதை ரோல்கின் மறைக்கவில்லை. அப்படலைக்கு அப்பாலுள்ள நிலம் யாருடையது என்று கேட்பதே அவரை வாசிக்கும் நமது பணியாகும்.