முதல் தகவல் தருபவர்: தமிழ்ப் பரபரப்புப் படங்களின் தொடக்கக் காட்சிகளில் பதற்றம் உருவாகும் முறை

ஆய்வுச்சுருக்கம்

பரபரப்புப் படங்களின் தொடக்கக் காட்சிகள் பதற்றத்தை எவ்வாறு கட்டமைக்கின்றன என்பதை 'அந்த நாள்' (1954), 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013), 'துருவங்கள் பதினாறு' (2016) ஆகிய மூன்று படங்களை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இப்படங்களில் பதற்றம் குற்றச்செயலைக் காட்டும் உத்திகளால் மட்டும் பிறப்பதில்லை. குற்றத்தை அறிந்தவரை, அதாவது சாட்சியை, ஐயத்துக்கு உள்ளாக்குவதாலேயே அது பெரிதும் பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் அச்சக் கோட்பாடு இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கக் காட்சி, பதற்றம், சாட்சி, அச்சம், மெய்ப்பாடு, அந்த நாள்

உத்திப் பட்டியலும் அதன் போதாமையும்

திரைப்பட உத்திகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. அண்மைக்காட்சி அச்சத்தைத் தரும். தாழ்கோணம் அதிகாரத்தைக் காட்டும். விரைவான படத்தொகுப்பு பரபரப்பை ஊட்டும். இவற்றுக்கு ஒவ்வோர் எடுத்துக்காட்டு தந்து இயலை முடித்துவிடுகிறோம். இவ்வகை இயல்களை எழுதவைத்த நெறியாளர்களுள் நானும் ஒருவன் என்பதால் இக்குறையில் எனக்கும் பங்குண்டு. அதே அண்மைக்காட்சி காதல் காட்சியிலும் வருகிறது. அதே விரைவான தொகுப்பு நகைச்சுவைத் துரத்தலிலும் வருகிறது. அங்கெல்லாம் நமக்கு ஏன் பதற்றம் உண்டாவதில்லை என்ற வினாவுக்கு இப்பட்டியல் விடை தருவதில்லை.

இவ்வினாவுக்கு ஒரு விடையை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடனான உரையாடலில் தந்திருக்கிறார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை அறியாமல் இருவர் பேசிக்கொண்டிருக்கையில் அது வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் அதே உரையாடல் முழுவதும் பதற்றமாகிவிடுகிறது. உத்தியின் வேலை, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பங்கிட்டுத் தருவதே என்பது இதன் சாரம். ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) படத்தின் தொடக்கம் இதற்கு நல்ல சான்று. பள்ளியிலிருந்து திரும்ப வேண்டிய மகளுக்காகத் தாய் உணவுமேசையை ஒழுங்குசெய்கிறாள். கடிகாரம் நகர்கிறது, மாடிப்படிகள் வெறுமையாக உள்ளன, தட்டு காலியாகவே இருக்கிறது. பிறகு புல்வெளியில் ஒரு பந்து உருண்டு நிற்கிறது. மின்கம்பியில் ஒரு பலூன் சிக்கிக்கொள்கிறது. கொலை காட்டப்படவில்லை. தாய்க்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தமிழ்ப் படங்களை இக்கோட்பாட்டின்வழி அணுகும்போது, பங்கீடு வேறொரு வகையில் அமைவதைக் காண்கிறோம்.

கேட்டவரின் இடர்

எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்', 1943 அக்டோபர் 11 அன்று சென்னையின்மீது சப்பானியர் குண்டு வீசிய நிகழ்வைக் காலப்பின்னணியாகக் கொண்டது. பாடல், நடனம், சண்டை எதுவும் இல்லை. துப்பாக்கி வெடிக்கிறது, வானொலிப் பொறியாளர் ராஜன் வீழ்கிறார். சுட்டவர் சட்டகத்துக்குள் வருவதில்லை. ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' (1952) வெளிவந்து இரண்டாண்டுகூட நிறையாத காலத்தில், யாரைப் பார்க்க மக்கள் அரங்குக்கு வந்தார்களோ அவரைத் தொடக்கத்திலேயே பிணமாக்கிக் காட்டியது சிறிய துணிச்சலன்று. நாயகன் இறுதிவரை காப்பாற்றப்படுவான் என்ற உறுதி குலைந்தபின் பார்வையாளருக்குப் பற்றுக்கோடு ஏதுமில்லை. மாருதி ராவின் ஒளிப்பதிவில் இருளும் ஒளியும் கூர்மையாகப் பிரிக்கப்பட்டிருப்பது பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. ஆயினும் அவ்விருளுக்கு வலிமை தருவது இந்தக் குலைவே.

இதைவிட முதன்மையானது அடுத்த அசைவு. வெடிச்சத்தத்தைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் சின்னையாபிள்ளை காவல்நிலையத்துக்கு ஓடுகிறார். அவர் பார்த்தவரல்லர், கேட்டவர். நாமும் அப்படியே. எனவே அவருடைய அறிவும் நம்முடைய அறிவும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கின்றன. விசாரணை தொடங்கியதும் அவரும் ஐயத்துக்குரியோர் வரிசையில் வைக்கப்படுகிறார். அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தோடு இப்படத்தை ஒப்பிடுவோர் பல சாட்சியங்கள் முரண்படுவதையே பேசுகின்றனர். தகவல் சொல்லச் சென்றவனே விசாரணைக்கு உள்ளாவது என்ற நம்மூர் அச்சம் அவ்வொப்பீட்டில் மறைந்துபோகிறது.

அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைக் கூறுகிறது. துப்பறியும் படத்தில் அச்சம் கள்வரிடமிருந்து வரவேண்டும் என எதிர்பார்க்கிறோம். 'அந்த நாள்' அதனை மெல்ல இறையின்பால் திருப்புகிறது. போர்க்காலம், காவல்துறை, விசாரணை ஆகியவை குற்றவாளிக்கு மட்டுமன்றி அனைவருக்கும் அஞ்சத்தக்கனவாகின்றன. மெய்ப்பாட்டியலைத் திரைப்படத்தின்மீது அப்படியே ஏற்றுவது வலிந்து பொருத்தலாகும் என்பதை மறுக்கவில்லை. எனினும் அதிகாரத்தைப் பற்றிய அச்சத்தைக் கள்வரைப் பற்றிய அச்சத்திலிருந்து பிரித்துக் காணும் வசதியை அது தருகிறது. மேலைத் திரைக்கோட்பாட்டு நூல்களில் இப்பிரிப்பு இவ்வளவு தெளிவாக எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்முனையில், அதே 1954இல் கோவைப் பட்சிராஜா நிறுவனத்திலிருந்து எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கத்தில் 'மலைக்கள்ளன்' வந்தது. அவ்வாண்டுக்கான தேசிய விருதுகளில் தமிழின் சிறந்த படத்துக்குரிய குடியரசுத் தலைவர் வெள்ளிப்பதக்கம் அதற்குக் கிடைத்தது. 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழ் பெற்றது. 'மலைக்கள்ள'னில் அச்சத்தின் நிலைக்களன் பெயரளவில் கள்வர். ஆனால் கள்வர் வேடத்தில் இருப்பவர் எம்.ஜி.ஆர். அவரால் தீங்கு வராது என்பது நுழைவுச்சீட்டு வாங்கும்போதே பார்வையாளருக்குத் தெரியும். ஆகவே அங்குச் சாகசம் உண்டு, பதற்றம் குறைவு. நடிகரின் புகழே பதற்றத்தைத் தளர்த்தவும் இறுக்கவும் கூடிய உத்தியாதலை இவ்விரு படங்களும் காட்டுகின்றன. நம் உத்திப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

நின்றவரின் இடர்

மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' சென்னை இரவுச் சாலையில் தொடங்குகிறது. குண்டடிபட்ட ஒருவன் குருதி வழியச் சாலையில் விழுகிறான். மருத்துவ மாணவன் சந்துரு வண்டியை நிறுத்துகிறான். மருத்துவமனை காவல் வழக்கென்று ஏற்க மறுக்கிறது. வீட்டுக்கே தூக்கிச்சென்று, தொலைபேசியில் பேராசிரியர் வழிகாட்ட, தானே அறுவை செய்கிறான். விடிந்ததும் காயம்பட்டவன் இல்லை. அடுத்துக் காவலர்கள் வருகின்றனர்.

கோவையில் முதுகலை மாணவர்களுக்கு இப்பகுதியைத் திரையிட்டபோது, அறுவைக் காட்சியைவிட, மருத்துவமனைகள் மறுக்கும் இடத்தில்தான் வகுப்பு இருப்புக்கொள்ளாமல் தவித்தது. 'விட்டுட்டுப் போயிடலாமே' என்று ஒரு மாணவி வாய்விட்டே சொன்னார். அவருடைய கூற்று அறப்பிறழ்வு அன்று, அனுபவம். காயமுற்றோர்க்கு உடனடிச் சிகிச்சை தருவது மருத்துவர் கடமை என உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே தீர்ப்பளித்திருந்தது. விபத்தில் உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு அந்நீதிமன்றம் 2016இல் சட்ட வலு அளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அப்பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்றது. படம் வந்தது 2013. உதவியவனைச் சட்டம் எவ்வாறு நடத்தும் என்ற ஐயம் அரங்கில் இருந்த ஒவ்வொருவரிடமும் முன்பே இருந்தது. மிஷ்கின் அவ்வையத்தின்மீது ஒளியைக் குறைத்துக் காலத்தை நீட்டினார். ஹிட்ச்காக்கின் வெடிகுண்டு மேசைக்கடியில் இருந்தது. இங்கே அது பார்வையாளரின் குடிமை அனுபவத்தில் இருக்கிறது.

இப்படத்திலும் பாடல் இல்லை. இளையராஜாவின் பங்களிப்பு 'முன்னணி இசை' என்றே குறிக்கப்பட்டது. உரையாடல் அருகிய இடங்களில் இசை கதைசொல்லும் பொறுப்பை ஏற்பதால் அப்பெயர் வெறும் அலங்காரமன்று.

எல்லாத் தொடக்கங்களும் இவ்வாறே அமைகின்றன எனக் கொள்ள இயலாது. 'சுப்பிரமணியபுரம்' (2008) சிறைவாயிலில் விடுதலையாகி வருபவன் குத்தப்படுவதோடு தொடங்குகிறது. அங்கே தகவல் தருபவர் எவரும் முன்னிலைப்படுத்தப்படவில்லை. பதற்றம் 'ஏன்' என்ற வினாவாகிக் கடந்தகாலத்துக்குள் போய்விடுகிறது. மதுரைப் படங்களின் பழிவாங்கல் மரபைத் தனியே ஆராய்வதே பொருத்தம்.

சொல்பவரின் இடர்

கார்த்திக் நரேன் இருபதுகளின் தொடக்கத்தில் இயக்கிய 'துருவங்கள் பதினாறு' கோயம்புத்தூரைக் கதைக்களமாகக் கொண்டது. காலிழந்து ஓய்வுபெற்ற காவல் அதிகாரி தீபக், காவல்பணியை விரும்பும் ஓர் இளைஞனிடம் பழைய வழக்கொன்றைச் சொல்லத் தொடங்குகிறார். மழை இரவில் நடந்தவை வெவ்வேறு ஆட்களின் நோக்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. மழை பார்வையையும் ஒலியையும் ஒருசேர மறைப்பதால், ஒவ்வொருவரும் பாதியையே அறிய முடிகிறது. திரைக்கதைக்குத் தேவையான அறியாமையை வானிலையே வழங்கிவிடுகிறது.

சின்னையாபிள்ளையும் சந்துருவும் இறையை நோக்கி அஞ்சியவர்கள். இங்கே கதையைத் தொடங்குபவரே இறையின் ஆள். சட்டம் அறிந்தவர், உடலில் இழப்பைச் சுமப்பவர், நிதானமாகப் பேசுபவர் என்ற மூன்றாலும் அவருடைய சொல்லை நம்பிவிடுகிறோம். அவர் சொன்னது முழு உண்மையன்று என்பது இறுதியிலேயே தெரிகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது அதே தொடக்கம், அதே நாற்காலி, அதே குரல். எதுவும் மாறவில்லை; ஆனால் அவர் ஒவ்வொரு முறை பேச்சை நிறுத்தும்போதும், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று நாம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.